மங்காத பதினோரு நிமிடம்

மாதா மாதம் முதல் செவ்வாய்க்கிழமை செண்பகவல்லி தன் தம்பி செத்ததைச் சரிபார்த்துவிட்டு வருவாள். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறை. 'சாட்சி நினைவுப் பாதுகாப்புப் பிரிவு' என்று வெளியே போர்டு தொங்கும். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், என்றைக்கோ நின்றுபோன ஒரு மின்விசிறி, மெர்சி என்கிற டெக்னீஷியன்.

"சாப்பிட்டாச்சா அக்கா?"

"ஆச்சும்மா."

அவ்வளவுதான் பேச்சு. செண்பகவல்லியின் வலது காதுக்குப் பின்னால், உளுந்து அளவில் ஒரு புடைப்பு இருந்தது. மெர்சி அதன்மேல் ஒரு வட்டை ஒட்டி, பொத்தானை அழுத்துவாள். அடுத்த பதினோரு நிமிடம் செண்பகவல்லி, தான் வேலை பார்க்கிற லாரி எடைமேடைக் கேபினில் உட்கார்ந்திருப்பாள். மதியம் ஒன்று பத்து. தூக்குவாளியில் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், ரெண்டு அப்பளம். தம்பி இசக்கிராஜா உள்ளே வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு அப்பளத்தை எடுத்துக் கடிப்பான். நாலு நிமிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருப்பான். பிறகு தண்ணீர் குடிக்க வெளியே குழாயடிக்குப் போவான். பிறகு அந்த பைக் வரும்.

பதினோரு நிமிடம் முடிந்ததும் மெர்சி திரையைப் பார்த்து, "அப்படியே இருக்கு அக்கா, ஒண்ணும் மங்கலை" என்பாள். ஏதோ நல்ல சேதி போல.

கொலையை நேரில் பார்த்தவர்கள் கூண்டில் ஏறும்போது மறந்துபோகிறார்கள், அல்லது யாராவது மறக்கவைத்துவிடுகிறார்கள் என்பதற்காக வந்த சட்டம் இது. சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் சாட்சியின் சம்மதத்தோடு காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியை வைத்து, ஞாபகத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த ஞாபகம் மங்காது, மாறாது, வேறு எதோடும் கலக்காது. கோர்ட்டில் சாட்சி சொல்லி முடித்ததும் திறந்துவிடுவார்கள். அதிகபட்சம் ஆறு மாதம் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். பாவம், அவர்கள் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை போலிருக்கிறது. இசக்கிராஜாவின் வழக்குக்கு ஆறு வருஷம் முடிந்திருந்தது. நாற்பத்து மூன்று வாய்தா ஆகியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை மகளுக்குச் சீமந்தம், ஒரு தடவை காரணமே இல்லை.

இந்த மாதம் வட்டைக் கழற்றும்போது செண்பகவல்லி கேட்டாள்: "திறந்துட்டா என்னம்மா ஆகும்?"

"எல்லாரு ஞாபகமும் மாதிரி ஆயிரும் அக்கா."

"எல்லாரு ஞாபகமும் எப்படி இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு."

மெர்சி சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஞாபகம்ங்கிறது போட்டோ இல்ல அக்கா. நாம ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அதை வெளிய எடுத்து, திரும்ப எழுதித்தான் உள்ள வைக்கோம். எழுதும்போது கொஞ்சம் விட்டுப்போகும். கொஞ்சம் கூடச் சேரும். பக்கத்துல இருக்கவங்க சொன்னது சேரும். நாளாக நாளாக, அவங்க சொன்னதை நாமளே கண்ணால பார்த்த மாதிரி இருக்கும். கோர்ட்டுக்கு அதுதான் பயம். அதனால உங்களுக்கு மட்டும் திரும்ப எழுத விடாமப் பூட்டி வச்சிருக்கு."

"மத்தவங்களுக்கு மாறும்."

"மாறும் அக்கா. மாறுறதாலதான் ஆறுது."

செண்பகவல்லி காதோரத்தைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். களைப்பாக இருந்தது. ஆறு வருஷமாக ஒரே நாளில் நிற்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்.

வீட்டில் மூன்று பெண்கள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்த செண்பகவல்லி. அவள் அம்மா ஆவுடைத்தங்கம். இசக்கிராஜாவின் மனைவி அனுசியா. கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், பிறந்த வீட்டில் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே இருந்து, கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்தாள். கல்குவாரி வெடியில் தெருவே விரிசல் விட்டபோது கலெக்டரிடம் மனு எழுதிக் கொடுத்தவன் அவள் புருஷன். அந்த மனுவுக்கு வந்த பதில்தான் பைக்கில் வந்த ரெண்டு பேர்.

முதல் வருஷத் திதியில் மூன்று பேரும் ஒன்றுபோல அழுதார்கள். மூன்றாம் வருஷம் படையலுக்கு அப்பளம் பொரிக்கும்போது ஆவுடைத்தங்கம், "இந்நேரம் இருந்தா படையலுக்கு வைக்க விடுவானா, பாதியைத் தின்னு தீர்த்திருப்பான்" என்றாள். அனுசியா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் சிரிப்புதான். செண்பகவல்லி எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த அப்பளத்தைக் கடித்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதைத் தொடர்ந்து ஏழாவது நிமிடத்தில் வருகிற சத்தமும் இருந்தது. இவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் கோபம் வந்தது. அவர்கள் சிரிக்கக்கூடாதா என்று தன்மேலும் கோபம் வந்தது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பதினோரு நிமிடத்தில் இருந்தது. பூட்டுப் போட்ட அன்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். அது உறையில் போய் அரக்கு முத்திரை வாங்கிக்கொண்டது. வீட்டில் சொல்லவில்லை. முதலில் வாய் வரவில்லை. அப்புறம் சொல்ல நேரம் வரவில்லை. அப்புறம் சொல்லாமல் இருந்ததே சொல்ல முடியாததாகிவிட்டது.

நாற்பத்து நாலாவது வாய்தாவுக்கு முந்தின நாள் அரசு வக்கீல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். நிறைய கேஸ் பார்த்து அலுத்தவர்.

"நாளைக்கு விசாரணை நிச்சயம் நடக்கும்மா. ஜட்ஜ் இனிமே வாய்தா கிடையாதுன்னுட்டார். உறையைப் பிரிச்சாச்சு. அவங்க தரப்புக்கும் ஒரு காப்பி போயிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க வக்கீல் அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தைக் கேட்பார்."

"கேட்டா கேஸ் என்ன ஆகும் சார்?"

"கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. எடைச் சீட்டு கொடுக்கிற ஜன்னல் வழியா நீங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்திருக்கீங்க. அது போதும். ஆனா அவர் கேட்கிறது ஜட்ஜுக்காக இல்ல. பின்னாடி உட்கார்ந்திருக்க உங்க வீட்டு ஆளுங்களுக்காக." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்க பக்கத்துல இருந்து இன்னொண்ணும் சொல்லி அனுப்பியிருக்காங்க. சொல்ல வேண்டியது என் கடமை. நீங்க விலகுறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பூட்டைத் திறந்துருவாங்க. உறையையும் அழிச்சுருவாங்க. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு."

"அவனுங்க?"

"வெளிய வந்துருவாங்க. வேற கண்ணால் கண்ட சாட்சி கிடையாது."

செண்பகவல்லி அவர் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். கையெழுத்துக்கு இடம் விட்டு, பெயர்கூட டைப் அடித்திருந்தது. ஒரு கையெழுத்தில் தாழ்ப்பாளும் போய்விடும், அந்தப் பகலும் போய்விடும். தூங்கலாம். அவள் ரொம்ப நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் பார்ப்பார்கள்.

"நாளைக்கு வாரேன் சார்" என்று எழுந்தாள்.

சாயங்காலம் அனுசியா வேலை முடிந்து வந்து காலைக் கழுவும்போது செண்பகவல்லி மெல்ல ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நீ வராண்டாம். அம்மாவையும் பாத்துக்கிட்டு வீட்ல இரி."

"ஏன் மதினி?"

"சும்மா லீவு போட்டுக்கிட்டு."

"நாப்பத்து மூணு தடவை லீவு போட்டாச்சு. நாப்பத்து நாலுக்குப் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்? நீங்க ஒத்தையில கூண்டுல நிப்பீங்க, நான் இங்க மிட்டாய் அடுக்கிட்டு இருக்கணுமா?" அனுசியா ஈரக்கையால் அவள் முழங்கையைத் தொட்டாள். "எனக்காக ஆறு வருஷமா அத மண்டைக்குள்ள வச்சிக்கிட்டு நடக்கீங்க. எனக்குத் தெரியும் மதினி."

செண்பகவல்லி கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் கூண்டில் செண்பகவல்லியின் காதுக்குப் பின்னால் அதே வட்டை ஒட்டினார்கள். ஜட்ஜின் மேஜையில் ஒரு சின்ன விளக்கு. அவள் சொல்வது உள்ளே பூட்டியிருப்பதோடு ஒத்துப்போனால் பச்சை. மாறினாலோ, விட்டுச் சொன்னாலோ சிவப்பு. முதல் ஒரு மணி நேரம் பச்சையாகவே எரிந்தது. பைக்கின் நிறம், முன்னால் இருந்தவனின் சட்டை, பின்னால் இருந்தவன் கையில் இருந்த அரிவாள், ரெண்டு பேரும் தினம் லோடு எடை போட வருகிறவர்கள் என்பது. குற்றம் சாட்டப்பட்ட ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"முதல் வெட்டு விழுந்ததும் உங்க தம்பி எந்தப் பக்கம் ஓடினாரும்மா?"

"கேபினைப் பார்த்து."

பச்சை.

"கேபின் கதவு திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது."

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"அக்கான்னு கூப்பிட்டான்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"அப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

செண்பகவல்லி பின் பெஞ்சைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அனுசியா அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், தைரியமாகச் சொல்லுங்கள் என்பதுபோல.

"பார்த்துக்கிட்டு இருந்தேன்."

விளக்கு சிவப்பானது. ஜட்ஜ் விளக்கையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வக்கீல் காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"கதவைச் சாத்தினேன்" என்றாள். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. "சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டேன். அவன் வாசல்லருந்து நாலு எட்டு தூரத்துல இருந்தான். என்னைப் பார்த்துக்கிட்டே வந்தான். பயத்துல போட்டேன். அவன் கையால கதவைத் தட்டினான். நான் திறக்கலை."

பச்சை.

"வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை" என்று வக்கீல் உட்கார்ந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அனுசியா முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் செண்பகவல்லி அங்கே போகவில்லை. ஆவுடைத்தங்கம் நடு சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று டிக்கெட்டும் செண்பகவல்லி கையில் இருந்தன.

மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்தது. ரெண்டு பேருக்கும் ஆயுள். அன்றைக்கே மெர்சி பூட்டைத் திறந்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, உளுந்து அளவில் இருந்ததை இடுக்கியால் எடுத்து ஒரு கிண்ணியில் போட்டாள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"இனிமே வரவேண்டாம் அக்கா" என்றவள், கொஞ்சம் தயங்கி, "வந்தாலும் சும்மா வாங்க" என்றாள்.

வீடு பேச்சில்லாமல் இருந்தது. ஆவுடைத்தங்கம் நாற்பது நாள் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அனுசியா பேசினாள், தேவைக்கு. 'சிலிண்டர் தீர்ந்துபோச்சு', 'தண்ணி வந்திருக்கு'. ஆனால் எந்த வாக்கியத்திலும் மதினி என்ற சொல் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கலாம். அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று செண்பகவல்லி தினமும் எதிர்பார்த்தாள். அவள் கிளம்பவும் இல்லை. அதே வீட்டில், அதே சமையலில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையே ஞாபகம் மங்க ஆரம்பித்தது. முதலில் ஊறுகாய் வாசம் போனது. ஒரு நாள் எடைமேடையில் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி அப்பளத்தை எடுத்தது எந்தக் கையால் என்று தெரியவில்லை. சாவு மட்டும் போகும் என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள், அந்தச் சிரிப்பு நாலு நிமிடமும் சேர்ந்து போகும் என்று நினைக்கவில்லை. வலது கை, வலது கை என்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொன்னதால்தான் வலதாக இருக்கிறதோ என்று அப்புறம் சந்தேகம் வந்தது.

நாற்பத்தோராம் நாள் ஆவுடைத்தங்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கதவச் சாத்துன்னுதான் சொல்லியிருப்பான்."

செண்பகவல்லி சாணையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "இல்லம்மா. அக்கான்னு மட்டும்தான்."

"எனக்குத் தெரியாதா என் பிள்ளையை. சின்ன வயசுல தெருவுல வெறிநாய் வந்தப்போ உன்னை வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துனவன் அவன். தான் வெளிய நின்னான்."

உண்மையில் அன்றைக்கு அவனை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியவள் செண்பகவல்லி. அவனுக்கு அப்போது நாலு வயசு. நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. நாற்பது நாளுக்கு அப்புறம் அம்மா பேசுகிறாள், அதுவே போதும் என்றிருந்தது.

அடுத்த வாரம் அடுப்படியில் வைத்து அம்மா அதையே இன்னொரு தடவை சொன்னாள். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தடவை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "சாகும்போதுகூட அக்காளைக் காப்பாத்தணும்னு நெனச்சான்" என்று ஒரு தடவை. 'சொல்லியிருப்பான்' மெல்ல மெல்ல 'சொன்னான்' ஆனது. அனுசியா அந்த இடத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவாள். செண்பகவல்லி முதலில் மறுத்தாள், அப்புறம் பேசாமல் இருந்தாள், அப்புறம் கேட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சு அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் போல இருந்தது என்பதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

ஏழாவது வருஷத் திதிக்கு முந்தின நாள் தபாலில் ஒரு கனத்த உறை வந்தது. சாட்சியத்தின் சான்றிட்ட நகல். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பச்சைப் புள்ளி, ஒரே இடத்தில் மட்டும் சிவப்பு. ஆவுடைத்தங்கம் அதைத் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணில் புரை, பெரிய எழுத்தே தெரியாது.

"நாளைக்குப் படையலுக்கு முன்னால இதைப் படி. அவன் காதுலயும் விழட்டும்."

மறுநாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு இலை போட்டார்கள். சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அவனுக்குப் பிடித்த ரெண்டு அப்பளம். போட்டோவுக்கு அரளி மாலை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அனுசியா விளக்கேற்றிவிட்டு, செண்பகவல்லிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

செண்பகவல்லி படித்தாள். தன் வார்த்தைகள்தான், ஆனாலும் யாரோ சொன்னது போலிருந்தது. பைக் வந்தது. பின்னால் இருந்தவன் இறங்கினான். அழுகை வந்தது. ஆனால் இது வேறு அழுகை, நடுவில் மூச்சு விடமுடிந்தது. விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு மேலே படித்தாள்.

"'கேபினைப் பார்த்து ஓடி வந்தான். கதவு திறந்திருந்தது. அக்கா, கதவைச் சாத்து, அக்கா, கதவைச் சாத்துன்னு ரெண்டு தடவை சொன்னான். நான் கதவைச் சாத்தி...'"

நிறுத்தினாள். விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே அது இல்லை. 'அக்கான்னு கூப்பிட்டான்', அடுத்த வரியில் 'ரெண்டு தடவை', பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. அவனுடைய குரலில் அதைக் கேட்டாள், ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க அவன் சொன்னதை இப்போதுதான் கேட்டாள். கேட்டபடிதான் படித்தாள். மெர்சி ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆவுடைத்தங்கம் கண்ணை மூடியபடி, "அப்படியே போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

பின்னால் அனுசியா குனிந்து தாளைப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்கு நல்ல கண். முத்திரை வைத்த வரியையும் பச்சைப் புள்ளியையும் அவள் படித்து முடிக்கிறவரை செண்பகவல்லி காத்திருந்தாள். இவள்தான் சொல்ல வேண்டும். மற்ற யாரைவிடவும் இவளுக்குத்தான் அதற்கு உரிமை இருக்கிறது.

அனுசியா கையை நீட்டித் தாளை வாங்கினாள். மடிப்பு மடிப்பாக மடித்து உறைக்குள் போட்டாள். போட்டோவுக்குப் பின்னால் செருகினாள்.

"ஆமா அத்தை" என்றாள். "அப்படித்தான் போட்டிருக்கு."

பிறகு இலையில் இருந்த அப்பளத்தில் ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை நீட்டினாள்.

"சாப்பிடுங்க மதினி."